உள்ளே சாய்ந்த பல்

நூருல் அமீனின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு மேலூர் ரோட்டில் போயின. ஒத்தக்கடை தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் புதிதாகப் போட்ட வேகத்தடைக்கு யாரும் இன்னும் வெள்ளைக்கோடு அடித்திருக்கவில்லை. அந்தி மங்கலில் வண்டி அதில் ஏறித் துள்ளியது. அவர் ஹேண்டில்பாரில் முகம் மோதி விழுந்தார். கை கால்களில் சிராய்ப்புதான். உதட்டில் தையல் போட்டார்கள். நடுப்பல்லில் இடது பக்கத்தது வேரோடு வந்துவிட்டது. அதற்கு அடுத்தது ஈறுக்குள் முறிந்து நின்றதால் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். மதுரையின் பழைய தெருக்களில் இடம் போதாமல் ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் எழுப்பிய ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு இமாம். மேல்தளம் இன்னும் பூசப்படவில்லை. முன்வரிசையில் நின்றால் ஜன்னல் வழியே யானைமலை தெரியும். குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக அறிந்த ஹாஃபிழ் அவர். ரமலான் மாதம் இரவுத் தொழுகையில் நாளுக்கு ஒரு பகுதியாக அதை முழுக்க ஓதி முடிப்பது அவர் பொறுப்பு. மதரஸாவிலிருந்து வெளிவந்த வருடம் தொடங்கி ஒரு ரமலானைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

தையல் பிரித்த மறுநாள் மாலைத் தொழுகையை நடத்த முன்னால் போய் நின்றார். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதத் தொடங்கினார். ‘அல்லதீன’ என்ற சொல் வந்தபோது அவர் குரல் ஒரு கணம் தயங்கிப் பிறகு தொடர்ந்தது. பின்னால் நின்றவர்கள் உதட்டுக் காயம் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சொல்லில் ‘தால்’ என்றொரு அரபி எழுத்து இருக்கிறது. தமிழில் அதற்கு நேரான ஒலி கிடையாது. ‘திஸ்’, ‘தட்’ என்று வெள்ளைக்காரர்கள் சொல்லும்போது தொடக்கத்தில் வருவது ஏறக்குறைய அதுதான், ஆனால் நம் வாயில் அது ‘த’ ஆகிவிடும். நுனிநாக்கு மேல்முன்பற்களின் விளிம்பில் லேசாகப் பட்டு நிற்க, இடையில் காற்று கசிய வேண்டும். விளிம்பே இல்லாத இடத்தில் காற்று கசியாது, கொட்டும். அல்ஹம்து சூராவை ஓதாமல் எந்தத் தொழுகையும் இல்லை. எனவே அந்த எழுத்திடமிருந்து தப்பிக்க வழி இல்லை.

தொழுகை முடிந்ததும் ஜமாஅத் தலைவர் ஜுல்பிகரிடம் போய், பல் சரியாகும்வரை தன்னால் முன்னால் நிற்க முடியாது என்று சொன்னார். ஜுல்பிகர் கம்பி, சிமெண்டு வியாபாரி. அந்தப் பள்ளிவாசலின் பாதிச் சுவர் அவர் கடையிலிருந்து வந்தது. எதையும் சட்டென்று முடித்துவிட நினைப்பவர்.

“ஹஜ்ரத், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. பின்னால நின்ன யாருக்கும் தெரியல.”

“எனக்குத் தெரியுதேண்ணே.”

“அதுக்கு என்ன செய்ய? அல்லாவுக்குத் தெரியாதா, ரோட்டுல விழுந்தீகன்னு?”

“அவனுக்குத் தெரியும். நான் தனியாத் தொழுதா அது போதும். எழுத்துச் சுத்தமா ஓதுறவரு பின்னால நிக்கையில நான் முன்னால நிக்கக் கூடாது. மோதினார் நிக்கட்டும்.”

பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்குச் சின்னச் சின்ன சூராக்கள் சுத்தமாக வரும். மறுவேளையிலிருந்து அவர் முன்னால் நின்றார், இமாம் கடைசி வரிசைக்குப் போனார். தினத்தொழுகைக்கு அது போதும். ரமலானுக்குப் போதாது. முழுக் குர்ஆனையும் ஓத ஒரு ஹாஃபிழ் வேண்டும். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பு வரும் பராஅத் இரவுக்குள் பல் சரியாகவில்லை என்றால் கம்பம் ஊரிலிருந்து ஓர் இளம் ஹாஃபிழை வரவழைப்பது என்று ஜமாஅத்தில் பேசி வைத்தார்கள். யாரும் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசவில்லை. ஆனாலும் ரமலானில் வந்து நன்றாக ஓதியவரை ஊர் எளிதில் திருப்பி அனுப்பாது என்பது நூருல் அமீனுக்குத் தெரியும். அதைவிடவும், அந்த முப்பது இரவுகளைக் கடைசி வரிசையில் நின்று கேட்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் தாமரைச்செல்வியின் பல் மருத்துவமனை ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது. டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், இப்போது ஆனையூரில் வீடு. தினமும் ஸ்கூட்டரில் நகரத்தைக் குறுக்கே கடந்து வருகிறார். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இருந்த வழிகளை அவர் பொறுமையாகச் சொன்னார். எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டலாம். ஆனால் விழுந்த வேகத்தில் எலும்பும் நொறுங்கியிருந்ததால் அதைச் சரிசெய்து ஆறவிட்டுக் கட்டுவதற்குள் ரமலான் முடிந்துவிடும். கழற்றி மாட்டும் பல் உடனே கிடைக்கும். அண்ணத்தின்மேல் ஒரு தகடு உட்காரும், பேசும்போது ஆடும். எழுத்துகளில் பாதி பிறக்கும் இடமே அண்ணம் என்பதால் நூருல் அமீன் அதை வேண்டாம் என்றார். மிச்சமிருந்தது பிரிட்ஜ். இடைவெளிக்கு இரு பக்கமும் இருக்கும் பற்களைச் செதுக்கிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் தொப்பி மாட்டுவதுபோல உறை மாட்டி, இரண்டு உறைகளுக்கும் நடுவில் இல்லாத பற்களை வைத்து இணைப்பது. நான்கும் சேர்ந்து ஒரே துண்டு. அசையாது, கழற்ற முடியாது.

“நல்லா இருக்குற ரெண்டு பல்லச் செதுக்கணுமா?” என்று கேட்டார் நூருல் அமீன்.

“ஆமா சார். வேற வழியில்ல. அதுகதான் தாங்கணும்.”

நூருல் அமீன், “இது அழகுக்காகச் செய்றதா, தேவைக்காகச் செய்றதா?” என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, “ரெண்டுக்கும்தான்,” என்றார்.

நூருல் அமீன் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு எழுந்து போய்விட்டார். செலவுக்குப் பயந்துவிட்டார் என்று டாக்டர் நினைத்தார். காரணம் அதுவல்ல. அழகுக்காக நல்ல பல்லை அராவுவது மார்க்கத்தில் கூடாது என்று ஓதியவர் அவர். தேவைக்காகச் செய்யலாம். தன் விஷயத்தில் எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்பது அவருக்கே தெளிவாகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி சுஃபியாவிடம் சொன்னார். சுஃபியாவும் மகளிர் மதரஸாவில் ஓதியவர். அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, பல் இல்லாமல் வெளியே போக வெட்கமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் அவர். அப்படியென்றால் இது தேவைதான் என்றார் சுஃபியா.

மறுநாள் இருவரும் சேர்ந்து போனார்கள். நூருல் அமீன் முதல் நாள் எழுந்து போனதன் காரணத்தை மறைக்காமல் சொன்னார்.

“எனக்கு அழகா வேணாம் டாக்டர். எழுத்து வந்தாப் போதும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வெள்ளையா வைங்க, சின்னதா வைங்க, இந்த நடிகர் மாதிரி வைங்கன்னு கேட்டிருக்காங்க. எழுத்து வரணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. செய்றேன் சார்.”

செதுக்கும் நாளில் ஜுல்பிகர் தன் காரில் அழைத்து வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, வலது நடுப்பல்லையும் இடது கோரைப்பல்லையும் செதுக்கி, அச்சு எடுத்து, லேபிலிருந்து நிரந்தரப் பல் வரும்வரை பிசினில் செய்த தற்காலிகப் பிரிட்ஜ் ஒன்றை மாட்டினார்கள். டாக்டர் முன்பல் கட்டும் எல்லோரிடமும் கேட்பதுபோல ‘ஃபிஃப்டி ஃபைவ்’ சொல்லச் சொன்னார். பல் நீளமாக இருந்தால் கீழுதட்டில் இடறி ‘ஃப’ கெடும். கெடவில்லை. ‘சிவசாமி’ சொல்லச் சொன்னார். அதுவும் சுத்தமாக வந்தது. ‘தால்’ எழுத்தை நூருல் அமீன் அங்கே சொல்லிப் பார்க்கவில்லை. உதடு மரத்து, எச்சில் உறிஞ்சும் குழாய் வாயில் கிடக்க, ஓதலை அங்கே கொண்டுவர அவருக்கு மனமில்லை.

கண்ணாடியைக் கொடுத்தார்கள். பற்கள் நான்கும் வரிசை பிசகாமல், ஒரே உயரத்தில், பக்கத்துப் பற்களின் நிறத்தில் நின்றன. ஜுல்பிகர் எட்டிப் பார்த்து, “ஹஜ்ரத், மறுபடி நிக்காஹ் வைக்கலாம் போலயே,” என்றார். டாக்டருக்கும் தன் வேலையில் திருப்திதான்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்ததும் நூருல் அமீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அன்றைய பகுதியை மனப்பாடமாக ஓதுவார். சுஃபியா எதிரே குர்ஆனை ரெஹல் பலகையில் விரித்து வைத்து விரலோட்டி வருவார். பிழை வந்தால் பேசமாட்டார். பலகையில் விரலால் ஒரு தட்டு. அவர் நிறுத்தி, பின்னே போய், திருத்திக்கொண்டு தொடர்வார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் இது. ஹாஃபிழ் வீட்டில் கணவனும் மனைவியும் சண்டை போட்ட நாளிலும் இது நடக்கும்.

மரப்பு முழுக்கத் தெளிந்த மறுநாள் விடியலில் அவர் ஓதினார். சுஃபியா தட்டினார். அவர் திரும்ப ஓதினார். மறுபடியும் தட்டு. மூன்றாவது தடவை சுஃபியா தட்டவில்லை. குர்ஆனை மூடி வைத்தார்.

“எப்படி வருது?” என்று கேட்டார் நூருல் அமீன்.

“சீசாவுக்குள்ள வண்டு பறக்குற மாதிரி வருது. முன்னாடி காத்துக் கொட்டுச்சு. இப்ப காத்துக்கு வழியே இல்ல.”

அடுத்த சில நாட்கள் அவர் நாக்கைப் பழக்கிப் பார்த்தார். முன்னே நீட்டினார், பின்னே இழுத்தார், பக்கவாட்டில் வளைத்தார். நாக்கு நுனி புண்ணானதுதான் மிச்சம். டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார் சுஃபியா. அவர் கேட்கவில்லை. அந்தப் பெண் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறார், பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், நாலு பேருக்குக் கேட்காத ஒரு எழுத்துக்காகச் செய்த வேலையைப் பிரிக்கச் சொல்வது நியாயமில்லை என்றார். அன்று மாலை ஜுல்பிகரின் கடைக்குப் போய்க் கம்பத்துக்குப் போன் போட்டுவிடச் சொன்னார். ஜுல்பிகர் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே நின்று அவரைப் பார்த்தார். “சரி, போடுறேன்,” என்றார்.

அதே நேரத்தில் வீட்டில் சுஃபியா டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

பல் வலிக்கிறதா, ஆடுகிறதா, கூசுகிறதா என்று வரிசையாகக் கேட்ட டாக்டருக்கு, எதுவும் இல்லை, ஒரே ஒரு எழுத்து வரவில்லை என்று பதில் கிடைத்தது. பிறகு டாக்டர் சொன்னார், “அது எனக்குக் கேக்கணுமே. கேக்காம எத வச்சு நான் அரைக்கிறது? அவர் பழைய பல்லோட ஓதுனது ஏதாச்சும் இருக்கா?”

இருந்தது. போன ரமலானில் யாரோ பதிவுசெய்து ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். சுஃபியா அதிலிருந்து அந்த எழுத்து வரும் ஒரு துண்டை அனுப்பினார். கூடவே தன் குரலில் அந்த எழுத்தைச் சரியாகச் சொல்லி ஒன்று, தப்பாகச் சொல்லி ஒன்று.

டாக்டர் தாமரைச்செல்விக்கு அரபி ஒரு எழுத்தும் தெரியாது. முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் கேட்டார். ஆனையூரில் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே கேட்டார். அவர் கணவர் என்ன இது என்று விசாரித்தபோது, ஒரு பிரிட்ஜ் சரியா உட்காரல என்றார். இரண்டு நாள் கழித்து சுஃபியாவுக்குப் போன் செய்து, எது என்று காட்டிக்கொடுக்காமல் சரியானதையும் தப்பானதையும் மாற்றி மாற்றிச் சொல்லும்படி கேட்டார். சுஃபியா சொல்லச் சொல்ல, எது எது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். அநேகமாக எல்லாம் சரியாக இருந்தது. “நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வாங்க. நீங்களும் வரணும். எனக்கு இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கு, உங்களுக்கு நல்லாத் தெரியும்,” என்றார்.

மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு மூவரும் உள்ளே இருந்தார்கள். நூருல் அமீன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரியும் என்று டாக்டர் நாற்காலியை நேராக்கியிருந்தார். இந்தத் தடவை மரப்பு ஊசி கிடையாது. வசனம் எதையும் ஓத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அதற்கு நூருல் அமீனே வழி சொன்னார். எழுத்து பிறக்கும் இடத்தைச் சோதிக்க மதரஸாவில் ஒரு முறை உண்டு. முன்னால் ஓர் ‘அ’ சேர்த்து, அந்த எழுத்தில் வந்து நின்றுவிடுவது. தனி எழுத்துதான், வசனமில்லை. சுஃபியா உடன் வருவோர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நூருல் அமீன் சொன்னார். கருவிகள் வைக்கும் எஃகுத் தட்டின் விளிம்பில் சுஃபியாவின் விரல் டக்கென்று தட்டியது. டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“தப்புன்னா அப்படித்தான் தட்டுவா,” என்றார் நூருல் அமீன். “பயப்படாதீங்க.”

“உங்களுக்குத்தான் தட்டுறாங்களா, எனக்கா?”

“இன்னைக்கு உங்களுக்கு,” என்றார் சுஃபியா கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் எழுத்தில் வந்து நிற்கும்போது நாக்கை அப்படியே நிறுத்தச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். வலது பக்கம் நாக்கு விளிம்புக்கு வந்துவிட்டது. இடது பக்கம் புதுப்பல்லின் முதுகில் முட்டி முன்னதாகவே நின்றுவிட்டது. பல்லின் பின்புறம் தடிமனாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிரிட்ஜைக் கழற்றி, பின்புறத்தை மெல்ல அரைத்து மாட்டினார். அவர் சொன்னார். தட்டு. மறுபடி அரைத்தார். தட்டு. இன்னும் அரைத்தால் பிசின் ஓட்டையாகிவிடும் என்ற நிலை வந்தது. விளிம்பைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். இப்போது ‘ஃபிஃப்டி ஃபைவ்’ கெட்டது. குறைத்ததைத் திரும்பச் சேர்த்தார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். யானைமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. போனில் அந்தப் பழைய பதிவை மறுபடி கேட்டார். பிறகு திரும்பி வந்து வேறொரு வேலை செய்தார். மேல்வரிசையை விட்டுவிட்டு, கீழ்வரிசைப் பற்களை விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

கீழ்ப்பற்கள் விபத்தில் தப்பியவை. அவற்றில் இடது பக்கத்து ஒன்றின் விளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்து, கண்ணாடித் துண்டுபோல மினுங்கியது. வருடக்கணக்காக எதிரே இருந்த பல் உரசி உரசி உண்டான தேய்மானம் அது. எதிரே இருந்த பல் நேராக நின்றிருந்தால் தேய்மானம் அந்தச் சாய்வில் இருக்காது.

“சார், உங்க பழைய நடுப்பல்லு உள்பக்கமா சாஞ்சு இருந்துச்சா?”

நூருல் அமீன் யோசித்தார். தன் பல்லை அவர் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. முகச்சவரம் செய்துகொள்ளும் பழக்கமும் இல்லாதவர். போட்டோவில் சிரிப்பவரும் இல்லை. அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

சுஃபியா கண்ணைத் திறந்தார். “ஆமா. அந்தப் பல்லு மட்டும் லேசா உள்ள சாஞ்சிருக்கும். சிரிச்சா மட்டும்தான் தெரியும்.”

“அத முதல்லயே சொல்லக் கூடாதா?”

“அது கோணல்னு நாங்க நெனைக்கலையே டாக்டர். அவரு பல்லு அப்படி, அம்புட்டுத்தான்.”

டாக்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் சுஃபியாவின் மேல் அல்ல. இவர் சின்ன வயதிலிருந்து சாய்ந்த பல்லோடு ஓதிப் பழகியவர். அந்தச் சாய்வின் அளவுக்கு நாக்கு தன் இடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாமோ, கேட்காமலே, கையின் பழக்கத்தில் அதை நேராக்கிவிட்டோம். அழகு வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவருக்கு அழகைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். இதை அவர் அவர்களிடம் மறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு, புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, தற்காலிகப் பிரிட்ஜில் அந்த ஒரு பல்லை மட்டும் அரைத்து எடுத்தார். அந்த இடத்தில் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, கீழ்ப்பல்லின் தேய்மானத்தோடு பொருந்தும்படி உள்ளே சாய்த்து வளர்த்தார். காயவிட்டு, தேய்த்து வழுவழுப்பாக்கி, மாட்டினார். கண்ணாடியில் பார்த்தால் வரிசை கெட்டிருந்தது. இலேசாக, ஆனால் பல் டாக்டர் ஒருவரின் கண்ணுக்கு உறுத்தும் அளவுக்கு.

நூருல் அமீன் சொன்னார்.

சுஃபியாவின் விரல் தட்டின் மேலே உயர்ந்து அங்கேயே நின்றது. “இன்னொரு தடவ,” என்றார். அவர் சொன்னார். சுஃபியா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சுஃபியா பேசுவதற்கு முன்னால் டாக்டர், “இதுதான? போன்ல கேட்டது இதுதான?” என்று கேட்டார்.

“இதுதான்.”

நூருல் அமீன் அந்த எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதற்கு அண்டை எழுத்துகள் இரண்டையும் சொன்னார். அவையும் அதே பல் விளிம்பில் பிறப்பவை. அவையும் வந்தன. அவர் கண்கள் நனைந்திருந்தன. வாய் திறந்தே இருந்ததால் வந்த கண்ணீர் என்று டாக்டர் எடுத்துக்கொண்டு, ஒரு பஞ்சுத் துணியை நீட்டினார்.

“இத என் கிளினிக் வாசல்ல போட்டோ போட முடியாது, தெரியும்ல?” என்றார். “பாக்குறவங்க என்ன டாக்டர் இதுன்னு போயிருவாங்க.”

அந்தத் தற்காலிகப் பல்லை அப்படியே அச்செடுத்து, அதைப் பார்த்து நிரந்தரப் பிரிட்ஜைச் செய்யும்படி லேபுக்கு அனுப்பினார். மறுநாளே லேபிலிருந்து போன் வந்தது. பேசியவர் அழகுமலை. நிதானமான கைக்காரர், டாக்டரின் முன்பல் வேலைகளை எல்லாம் அவர்தான் செய்வார்.

“மேடம், அச்சுல ஒரு பல்லு உள்ள போயிருக்கு. அச்சு எடுக்கயில அசைஞ்சிருச்சு போல. நேராக்கிரட்டுமா?”

“அசையல. அப்படியேதான் வேணும். தொட்டுராதீங்கண்ணே.”

“கோணலாவா?”

“அதே கோணல்ல. ஒரு மயிரிழை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”

நேராக வைப்பதைவிட அது கஷ்டம் என்று முனகிக்கொண்டே அழகுமலை ஒப்புக்கொண்டார். செய்தும் கொடுத்தார். வந்த பிரிட்ஜை டாக்டர் தற்காலிகப் பல்லோடு பக்கத்தில் வைத்து விளக்கடியில் நெடுநேரம் பார்த்தார். எது எதன் நகல் என்று சொல்ல முடியாது. பராஅத் இரவுக்கு முந்தின நாள் அது நூருல் அமீனின் வாயில் நிரந்தரமாக ஒட்டப்பட்டது. கடைசி முறையாக அந்த எழுத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, டாக்டர் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். நாக்கு இன்னும் கொஞ்சம் வெளியே வரணும் என்று சுஃபியா திருத்தினார்.

பராஅத் நாளின் விடியலில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். சுஃபியா எதிரே விரலோட்டிக்கொண்டு வந்தார். முதல் பக்கம் போயிற்று. இரண்டாவது பக்கமும் போயிற்று. ‘தால்’ வந்தது, போனது, மறுபடி வந்தது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் பலகையில் டக் என்றது.

நூருல் அமீன் நிறுத்தினார். நாக்கைப் பல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். பின்னே போய்த் திரும்ப ஓதினார். அதே இடத்தில் மறுபடியும் தட்டு.

“எழுத்து வரலையா?”

“எழுத்தெல்லாம் வருது,” என்றார் சுஃபியா. “ஒரு சொல்ல விட்டுட்டீங்க. இத்தன நாளாப் பல்ல நெனச்சீங்களே, பாடத்த யார் நெனைக்கிறது?”

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உள்ளே சாய்ந்த அந்தப் பல் நன்றாகத் தெரிந்தது. சுஃபியா அதைப் பார்த்தார், பிறகு குர்ஆனுக்குக் குனிந்து விட்டுப்போன சொல்லை எடுத்துக்கொடுத்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. பராஅத் இரவு என்பதால் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். மோதினார் பாங்கு சொல்லி முடித்துவிட்டு, முன்னால் போகாமல் ஒதுங்கி நின்று கடைசி வரிசையைப் பார்த்தார். நூருல் அமீன் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய் முன்னால் நின்றார். ஜுல்பிகர் அவருக்கு நேர் பின்னால் நின்றுகொண்டார். அல்ஹம்து சூரா தொடங்கியது. ‘அல்லதீன’ வந்தது. குரல் எங்கேயும் தயங்கவில்லை. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒன்றுமில்லை, அது இருக்க வேண்டியபடி இருந்தது.

தொழுகை முடிந்து எல்லோரும் கை கொடுத்துவிட்டுப் போனபின் ஜுல்பிகர் அருகில் வந்தார். நூருல் அமீன் அவரிடம் முதலில் கேட்டது கம்பத்து ஹாஃபிழைப் பற்றித்தான். அந்தப் பையன் கிளம்பியிருப்பானே, அவனுக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.

“போன் போட்டாத்தான கிளம்புறதுக்கு,” என்றார் ஜுல்பிகர்.

“போடுறேன்னு சொன்னீகளே.”

“சொன்னேன். நீங்க சொல்லச் சொல்லச் சரிங்கணும்ல, அதுக்காகச் சொன்னேன்.” அவர் விளக்கு வெளிச்சத்தில் இமாமின் வாயைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “ஹஜ்ரத், தப்பா எடுத்துக்காதீக. அந்த டாக்டர் புள்ள ஒரு பல்ல உள்ள தள்ளி வச்சிருச்சு. மொதல்ல மாட்டுனது எம்புட்டு வரிசையா இருந்துச்சு. நாளைக்கு நான் போய்ச் சொல்லி நேராக்கச் சொல்லவா?”

“வேணாம்ணே.”

“நமக்கென்ன கூச்சம்? ஒழுங்காச் செய்யச் சொல்றதுல தப்பில்ல.”

“ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க,” என்றார் நூருல் அமீன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ஜுல்பிகர் அந்தப் பல்லை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, தனக்குப் புரியவில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, ரமலானுக்கு மேல்தளத்தில் மின்விசிறி எங்கெங்கே மாட்டுவது என்று பேச ஆரம்பித்தார்.